விருந்தாளியாகப் போனால் விளங்காது

2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில், இரும்புத் தாதுக்காக ரியோ திந்தோ சுரங்க நிறுவனம் பழம்பெரும் பாறைக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் புழங்கிய இடம் அது. சட்டப்படி அனுமதி இருந்தது. குகைகளின் அருமையைச் சொன்ன ஆய்வறிக்கைகளும் நிறுவனத்திடம் இருந்தன. கண்டனம் வலுத்ததால் தலைமை நிர்வாகி பதவி விலக நேர்ந்தது. குகைகளோ திரும்பப் போவதில்லை.

கோப்பில் உள்ள தகவல் மனத்தில் இறங்காவிட்டால் இப்படித்தான் ஆகும். பூர்வக்குடிப் பண்பாட்டை ஊழியர்களுக்கு உணர்த்த ஒரு நாள் பயிற்சியும் வரவேற்பு நடனமும் போதுமா? போதாது.

இதற்கொரு வழி 2001இல் குவீன்ஸ்லாந்தின் கேப் யார்க்கில் தொடங்கியது. பூர்வக்குடித் தலைவர் நோயல் பியர்சனின் முயற்சியில் உருவான அமைப்பு, பின்னாளில் 'ஜாவுன்' எனப் பெயர் பெற்றது. குக்கு யலாஞ்சி மொழியில் இதன் பொருள் 'நண்பன்'. வெஸ்ட்பேக் வங்கி தொடக்கத்திலேயே இதில் இணைந்தது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைப் பல வாரங்களுக்குப் பூர்வக்குடி அமைப்புகளிடம் அனுப்புகின்றன. கணக்கெழுதத் தெரிந்தவர் கணக்கைச் சீர்செய்து தருவார். ஆனால், எந்த வேலை தேவை என்று முடிவு செய்வது அந்த அமைப்பே.

அங்கே அவர் ஆணையிடுபவர் அல்லர், கேட்டு நடப்பவர். ஊர்ப் பெரியவர்கள் பேசும்வரை காத்திருக்கப் பழகுகிறார். நிலம் வெறும் சொத்தன்று, உறவு என்பதை அவர்களுடன் இருந்தே அறிகிறார்.

நாளை ஒரு திட்டம் மேசைக்கு வரும்போது, "அனுமதி உண்டா?" என்பதோடு நில்லாமல், "அந்த மக்களைக் கேட்டோமா?" என்றும் அவர் வினவினால், அதுவே உண்மையான பயிற்சி.