பட்டையின்மேல் விழுந்த பழி

நாள்தோறும் பன்முறை விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்து வந்த நீரிழிவு நோயாளிகளுக்கு, 35 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்ட வில்லையைப் புஜத்தின் பின்புறம் ஒட்டிக்கொண்டால் 14 நாட்கள் சர்க்கரையின் ஏற்றத் தாழ்வைக் கண்டுகொள்ளலாம் என்ற வாக்குறுதியோடு, 2014-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் 'ஃப்ரீஸ்டைல் லிப்ரே' என்னும் சென்சார் விற்பனைக்கு வந்தபோது, அது ஒரு விமோசனமாகவே தோன்றிற்று. ஆயினும் வில்லையை எடுத்த இடத்தில் சிலருக்குத் தோல் சிவந்து தடித்தது. தாங்கவொண்ணாத நமைச்சலும், நீர் கோத்த கொப்புளமும், கசிவும் உண்டாயின. சருமத்தைத் தொடுவது அடியிலுள்ள பசைப் பட்டையே ஆதலால், பழி முழுவதும் அதன்மேல் விழுந்தது.

வியர்வை தேங்குவதாலும், காற்றுப் புகாமையாலும், பிய்த்த இடத்திலேயே மீண்டும் ஒட்டுவதாலும் வரும் சாதாரண எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. எரிச்சல் கருவியை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வாமையோ, பசையிலிருந்தோ பிளாஸ்டிக்கிலிருந்தோ கசியும் நுண்ணிய இரசாயன மூலக்கூறு சருமத்துட் புகுந்து அங்குள்ள புரதத்தோடு பிணைய, தோலில் காவல் நிற்கும் லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்கள் அதைப் பற்றி நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோய், அங்குள்ள வெள்ளணுக்களுக்கு 'இவன் சத்துரு' என்று அடையாளம் காட்டிவைப்பதால் பிறப்பது. ஆகையால் முதல் வில்லையில் ஒன்றும் தெரியாது. பல வாரங்களோ மாதங்களோ சுகமாக அணிந்திருந்தவருக்குத் திடீரென்று வந்து சேரும். வந்தபின் சாமானியமாக ஆயுள் உள்ளவரை நீங்குவதில்லை.

இங்கே ஒரு விநோதத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பெர்லினில் வைத்திய மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் 1868-இல் சருமத்தில் இவ்வணுக்களைக் கண்டு, அவற்றை நரம்பணுக்கள் என்று எண்ணினார். மறு ஆண்டிலேயே கணையத்தில் சிறு சிறு தீவுகளாகக் கிடக்கும் அணுக்கூட்டங்களையும் விவரித்தார். இன்சுலின் சுரப்பது அத்தீவுகளில்தான். நீரிழிவின் மூலஸ்தானத்திலும், அதைக் கண்காணிக்கும் கருவி தரும் உபத்திரவத்தின் மூலஸ்தானத்திலும் ஒரே மனிதரின் பெயர் நிற்கிறது!

எந்தப் பொருள் குற்றவாளி என்று அறிய, சந்தேகத்துக்குரியவற்றைச் சிறு சிறு அளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாட்களுக்குப்பின் எடுத்துவிட்டு, அப்போதும் அதற்குச் சில நாட்கள் கழித்தும் தோலைப் பார்க்கும் 'பேட்ச்' சோதனை ஒன்று உண்டு. 1895-இல் யாடசோன் என்னும் ஜெர்மன் வைத்தியர் அறிவித்த முறை அது. அதில் ஒரு சங்கடம்: ஒட்டாத பொருளை அது காட்டிக்கொடாது. முகத்தில் பூசும் களிம்புக்குக்கூட அதன் சேர்மானங்கள் அனைத்தையும் மேலுறையில் அச்சிடவேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் விதித்திருக்க, இரண்டு வாரம் இராப்பகலாக உடம்போடு ஒட்டிக் கிடக்கும் கருவிக்கு அத்தகைய விதி இல்லாதது எனக்கு நியாயமாகப் படவில்லை. சேர்மானம் இன்னதென்று தெரியாத நிலையில், பெல்ஜியத்து வைத்தியர்கள் தம் நோயாளிகளின் தோலைச் சோதித்துக்கொண்டிருக்க, சுவீடனில் மால்மோ நகரத்து ஆய்வாளர்கள் சென்சாரிலிருந்து பொருள்களைக் கரைத்தெடுத்து, வாயு நிறப்பகுப்புக் கருவியில் பிரித்துப் பார்த்தார்கள். அகப்பட்டது ஐசோபோர்னைல் அக்ரிலேட். வழக்கமான சோதனை வரிசைகளில் அதற்கு அதுவரை இடமே இல்லை.

அது எங்கே மிகுதியாக இருந்தது என்பதுதான் சுவாரசியமான செய்தி. பட்டையில் அன்று, வில்லையின் மேல்மூடியும் அடிப்பாகமும் பொருந்தும் இணைப்பிலே. ஓட்டுக்குள் இருந்த பொருள் மெல்ல மெல்லப் பட்டையின் வழியே இறங்கிச் சருமத்தை அடைந்திருக்கிறது. இம்முடிவு 2017-இல் வெளியாயிற்று. ஆனால் இதே பொருள் இன்சுலின் பம்பின் குழாய்த் தொகுதியில் இருந்துகொண்டு நோயாளியைத் துன்புறுத்தியதை லூவன் நகரத்து வைத்தியர்கள் 1995-லேயே எழுதி வைத்திருந்தார்கள்! இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த எச்சரிக்கை சஞ்சிகையின் பக்கங்களில் உறங்கிக் கிடந்தது.

அமெரிக்கத் தொடுஒவ்வாமைச் சங்கம் 2020-ஆம் ஆண்டின் 'ஒவ்வாமைப் பொருள்' என்று இதையே தேர்ந்தெடுத்தது. பின்னர் வந்த லிப்ரே சென்சாரைச் சோதித்தவர்கள் அதில் இப்பொருள் இல்லை என்று கண்டார்கள். பழைய கருவியால் ஒவ்வாமை அடைந்தவர்களுள் சிலர் தோலுக்கும் வில்லைக்கும் இடையே பாதுகாப்புப் படலம் ஒட்டிப் பார்த்தார்கள். சிலருக்குப் பயன்பட்டது, சிலருக்கு அந்நுண்பொருள் படலத்தையும் ஊடுருவி வந்துவிட்டது. அத்தகையோர் தமக்கு ஒவ்வாத பொருள் இன்னதென்று தோல் வைத்தியரிடம் தெரிந்துகொண்டு, அது இல்லாத கருவிக்கு மாறுவதே உத்தமம்.

மாறினாலும் நிச்சயமில்லை. 'டெக்ஸ்காம் ஜி6' என்னும் மற்றொரு சென்சாரின் பசை மாற்றப்பட்ட பிறகு, அதுவரை அதை ஏற்றுக்கொண்டிருந்த சிலருக்குத் தோல் கொதிக்கத் தொடங்கியது. மறுபடியும் மால்மோ ஆய்வாளர்களே அதைப் பிரித்துப் பார்த்து, இதற்குமுன் இவ்விடத்தில் எவரும் சந்தேகித்திராத வேறோர் அக்ரிலேட்டை 2021-இல் அறிவித்தார்கள்.