செம்மோர் அருகே ஒரு தீவுப் பல்லி

ஈப்போவிலிருந்து வடக்கே செம்மோர் பக்கம் போகிறவர்களுக்குக் காந்தான் மலை புதிதல்ல. ஒரு பக்கம் காடு மூடிய சுண்ணாம்புப் பாறை. இன்னொரு பக்கம் சிமெண்ட் ஆலைக்காகப் பல பத்தாண்டுகளாக வெட்டப்பட்டு வெளுத்துக் கிடக்கும் கல்குவாரி. 2014-இல் லீ கிரிஸ்மர் தலைமையிலான ஆய்வாளர்கள் இம்மலையில் புதிய பல்லி இனம் ஒன்றை விவரித்து, ‘சிர்ட்டோடாக்டைலஸ் குவாகந்தானென்சிஸ்’ என்று பெயரிட்டார்கள். அப்போது அது வாழ்வதாகத் தெரிந்த இடம் உலகிலேயே இந்த ஒரு மலைதான்.

வீட்டுச் சுவரில் ‘உச்’ கொட்டும் பல்லியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டுப் பல்லியின் விரலடியில் ஒட்டும் பட்டைகள் உண்டு, கண்ணாடியில்கூட ஏறிவிடும். காந்தான் பல்லிக்கு அந்த வசதி இல்லை. அதன் விரல்கள் மெலிந்து வளைந்தவை, நுனியில் நகம். சொரசொரப்பான பாறையையும் மரப்பட்டையையும் பற்றிக்கொண்டு இரவில் இரை தேடும். குகையும், குகையைச் சுற்றிய ஈரமான காடுமே அதன் உலகம்.

கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் ஒருகாலத்தில் கடலடியில் படிந்தவை. பல கோடி ஆண்டுகளில் மழை அரித்தது போக எஞ்சியவையே இன்று தனித்தனியாக நிற்கின்றன. இடையிலுள்ள சமவெளியில் முதலில் காடு இருந்தது. பிறகு ஈயச் சுரங்கங்கள் வந்தன, பால்மரத் தோட்டங்கள் வந்தன. இன்று பெரும்பாலும் செம்பனையும் தாமான்களும்தான். பாறை நிழலுக்கும் ஈரத்துக்கும் பழகிய சிற்றுயிர், வெயில் காயும் செம்பனை வரிசைகளைத் தாண்டி அடுத்த குன்றுக்குப் போய்ச் சேருவது அரிது. அதனால்தான் உயிரியலாளர்கள் இந்தக் குன்றுகளைத் தீவுகளாகவே பார்க்கிறார்கள். 

பல்லி மட்டும் என்றால் யாரும் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார்கள். இதே மலையிலிருந்து 1997-இல் ‘லிபிஸ்டியஸ் காந்தான்’ என்ற பொறிக்கதவுச் சிலந்தி விவரிக்கப்பட்டது. வயிற்றில் கண்டத் தகடுகள் இன்னும் மறையாத, மிகப் பழைய சிலந்தி வம்சம் அது. மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. 2014-இல் பல்லியோடு ‘மியோகைன் காந்தானென்சிஸ்’ என்ற தாவரமும் ஒரு சிறு நத்தையும் சேர்ந்துகொண்டன. நத்தைக்கு வைத்த பெயர் ‘சரோபா லஃபார்கேய்’. அப்போது மலையை வெட்டிக்கொண்டிருந்த லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள்! வெட்டுகிறவரையே காவலராக்கும் இந்தச் சாமர்த்தியத்தை நான் ரசிக்கிறேன். 2019-இல் ஆலை ஒய்டிஎல் குழுமத்தின் கைக்கு மாறியது. நத்தை பழைய முதலாளியின் பெயரையே சுமக்கிறது.

மலைக் குகையில் பௌத்த மடம் ஒன்றும் இருக்கிறது. அதற்கும் ஆலைக்குமான தகராறு நீதிமன்றம் வரை போனது.

சிமெண்டே வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் குடியேறிய வீடுகளும் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 பாகை வெப்பத்தில் சுட்டெடுத்த சிமெண்டால் எழுந்தவைதான். அந்தச் சுவர்களில் வீட்டுப் பல்லி சுகமாகப் பெருகியது. கப்பலேறிப் பல கண்டங்களுக்கும் போய்விட்டது. சுவருக்குக் கல் கொடுத்த குன்றின் பல்லிக்குத்தான் இடம் குறைகிறது. எனவே கேள்வி எந்தக் குன்றை வெட்டுவது, எதில் கை வைக்காமல் விடுவது என்பதே. பகாங்கின் புக்கிட் பஞ்சிங் குன்று முழுதாக வெட்டித் தீர்க்கப்பட்டபோது, அங்கே மட்டும் இருந்த ‘பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம்’ என்ற நத்தையும் பூண்டோடு அழிந்தது.

பத்துமலையின் கதை வேறு. கோயில் இருப்பதால் அதை இன்று யாரும் வெட்டத் துணிய மாட்டார்கள். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வந்துபோகும் அங்கேயே, 2014-இல் ‘சிர்ட்டோடாக்டைலஸ் மெட்ரோபோலிஸ்’ என்ற பல்லி புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. இத்தனை பேர் கண்ணிலும் படாமல், அல்லது பட்டும் பெயரில்லாமல், இத்தனை காலம் அது இருந்திருக்கிறது.

கிந்தா பள்ளத்தாக்கு 2018 முதல் தேசிய புவிப்பூங்கா. ஒரு குன்றுக்குக் குவாரி உரிமம் வழங்குவதற்கு முன், அங்கே இரவில் டார்ச் விளக்கோடு யாராவது தேடிப் பார்த்தார்களா என்று மாநில அரசு கேட்டால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.