பதினெட்டு வயது முழங்கை

1973 ஜூன் 27 அன்று டெக்சஸ் மாநிலத்து ஆர்லிங்டன் மைதானத்தில் டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அந்த வருஷம் நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்ற பேஸ்பால் அணி. அன்றைய கூட்டம் அணிக்காக வரவில்லை, டேவிட் க்ளைட் என்ற பதினெட்டு வயது பிட்சருக்காக வந்தது. பள்ளிப் படிப்பை முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. வளரும் வீரர்கள் ஆடும் மைனர் லீகில் ஒரு பந்துகூட வீசாமல் நேரே மேஜர் லீகில் வந்து நின்றார். ஐந்து இன்னிங்ஸ் வீசி எட்டு பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலேயே வெளியேற்றினார், ஒரே ஒரு ஹிட் கொடுத்தார், அணியும் ஜெயித்தது. ஏழு பேருக்கு வாக் கொடுத்தார் என்பதும் அதே ஸ்கோர்கார்டில் இருந்தது.

பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் போனால், அவர் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதுதான் வாக். ஐந்து இன்னிங்ஸில் ஏழு வாக் கொடுத்தவருக்குக் கையில் வேகம் இருக்கிறது, பந்து இன்னும் சொன்னபடி கேட்கவில்லை என்று அர்த்தம். இரண்டு ஆட்டம் ஆடவைத்துவிட்டு மைனர் லீகுக்கு அனுப்புவதாகத்தான் முதலில் பேச்சு. ஆனால் அவர் வீசினால் கூட்டம் வந்தது, கூட்டம் வந்தால் பணம் வந்தது. அதனால் மேலேயே வைத்துக்கொண்டார்கள். தோளும் முழங்கையும் பழுதாகி, 1979-ல் அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. 18 வெற்றி, 33 தோல்வி. அப்போது வயது 24.

பதின்வயது பிட்சரை எடைபோடுவது பேஸ்பாலில் மிகக் கடினமான வேலை என்று இளம் வீரர்களைத் தேடித் தேர்ந்தெடுக்கும் ஸ்கவுட்டுகள் பலர் சொல்வார்கள். 18.44 மீட்டர் தூரத்திலிருந்து, 150 கிராமுக்குச் சற்றுக் குறைவான பந்தை, மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வீசுகிறான் ஒரு பையன். பந்து பேட்டரிடம் போய்ச்சேர சுமார் 0.4 விநாடிதான் ஆகிறது. இன்று அவன் என்ன செய்கிறான் என்பதைக் கருவி சொல்லிவிடும். ஐந்து வருஷம் கழித்து என்ன செய்வான் என்பதை ஸ்கவுட்தான் சொல்லியாக வேண்டும்.

அதற்கு அவர்கள் 20-லிருந்து 80 வரையுள்ள ஒரு மதிப்பெண் முறையை வைத்திருக்கிறார்கள். மேஜர் லீக் வீரரின் சராசரித் தரம் 50. ஃபாஸ்ட்பால், கர்வ்பால், சேஞ்ச்அப், கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் எழுதுவார்கள், ஒன்று இன்றைய நிலைக்கு, இன்னொன்று வருங்காலத்துக்கு. பதினேழு வயதுப் பையனின் கர்வ்பாலுக்கு 40, 60 என்று எழுதினால், நடுவில் இருக்கும் இருபது மதிப்பெண் முழுக்க ஊகம். அகன்ற தோள், ஒல்லியான உடம்பு, நீண்ட கைகால் கொண்ட பையன் என்றால் இன்னும் சதை போடும், வேகம் கூடும் என்று அந்த இடைவெளியைத் தாராளமாக விடுவார்கள்.

சேஞ்ச்அப்பை அவர்கள் பார்க்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஃபாஸ்ட்பாலைவிடப் பதினைந்து கிலோமீட்டர் போல வேகம் குறைந்த பந்து அது. கை வரும் வேகம் மட்டும் குறையவே கூடாது. பையன் பந்தை மெதுவாக அனுப்பக் கையையும் மெதுவாக்கினால் பேட்டர் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஸ்கவுட்டின் கண் பந்தின் மேல் இருக்காது, கையின் மேல்தான் இருக்கும்.

அடுத்தது புள்ளிவிவரம். மைனர் லீகில் இப்போது தொடக்கநிலை லீகுகளுக்கு மேலே நான்கு படிகள், 120 அணிகள். பத்திரிகையில் முதலில் கண்ணில் படுவது, ஃபீல்டிங் பிழையால் வந்தவை போக ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற ஈ.ஆர்.ஏ. இளம் பிட்சர் விஷயத்தில் அதை நான் நம்பமாட்டேன். பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்துகளில் பத்துக்கு மூன்று போல ஹிட் ஆகும். எது ஹிட் ஆகும், எது கேட்ச் ஆகும் என்பதில் பிட்சரின் பங்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்று புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் 2001-ல் எழுதியபோது பழைய ஆட்கள் கொதித்துப் போனார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அவர் சொன்னதைக் கொஞ்சம் திருத்தினவே தவிர, அடிப்படையை யாரும் அசைக்கவில்லை. கீழ்ப்படிகளில் ஃபீல்டர்களும் பதின்வயதுக்காரர்கள், தரையும் சீராக இருக்காது. அங்கே எடுத்த ஈ.ஆர்.ஏ. பாதிக்கு மேல் மற்றவர்களின் கதை.

ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் அப்படியல்ல. இரண்டிலும் ஃபீல்டருக்கு வேலையே இல்லை. ஸ்ட்ரைக்அவுட் விகிதம் ஓரளவு நம்பகமாவதற்கு எழுபது பேட்டர்கள் போதும், வாக் விகிதத்துக்கு நூற்று எழுபது பேர் வேண்டும் என்று கணக்கிட்டார் இன்னொரு புள்ளிவிவர ஆய்வாளர் ரஸல் கார்ல்டன். ஹிட் கொடுக்கும் விகிதத்துக்கோ அடிபட்ட பந்துகள் இரண்டாயிரம் தேவை. ஒரு பையன் மைனர் லீகில் இருக்கும் காலம் முழுக்க வீசினாலும் அந்த எண்ணிக்கையை எட்டுவது கடினம்.

இவற்றைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு, பிறந்த தேதி. வெனிசுவேலாவின் வலென்சியா நகரத்து ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸை சியாட்டில் மரினர்ஸ் அணி 2002-ல் பதினாறு வயதில் ஒப்பந்தம் செய்தது. 2004-ல் அவருக்கு வயது 18. கலிஃபோர்னியா லீகில், தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்த, பெரும்பாலும் கல்லூரியில் ஆடிவந்த பேட்டர்களுக்கு வீசினார். வறண்ட காற்றில் பந்து பறக்கும், ரன் குவியும் லீக் அது. அங்கே இன்னிங்ஸுக்கு ஒன்றுக்கு மேல் ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். பாதி சீசனிலேயே அடுத்த படிக்கு ஏற்றினார்கள். இருபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் அதே எண்களை எடுத்திருந்தால் நல்ல பிட்சர் என்று சொல்லி நகர்ந்திருப்பார்கள். பதினெட்டில் எடுத்ததால்தான் அது பெரிய செய்தி. 2005 ஆகஸ்டில், 19 வயதில், அவர் மேஜர் லீகில் நின்றார். 2010-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கிடைத்தபோது அவருடைய கணக்கு 13 வெற்றி, 12 தோல்வி. வெற்றி தோல்வியை வைத்து பிட்சரை அளக்கக்கூடாது என்பதை விருது கொடுப்பவர்களே ஒப்புக்கொண்ட வருஷம் அது.

இதுவரை சொன்ன எதுவும் தொடாத இடம் முழங்கை. முன்னங்கால் தரையில் ஊன்றியதும் இடுப்பு திரும்புகிறது, பிறகு மார்பு. தோள் பின்னோக்கிச் சுழன்று, முன்னங்கை கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் பின்னால் படுத்துவிடுகிறது. அடுத்த கணம் தோள் விநாடிக்கு சுமார் 7,000 டிகிரி வேகத்தில் முன்னோக்கிச் சுழல்கிறது, மனித உடல் செய்யும் மிக வேகமான அசைவுகளில் ஒன்று இது. அந்தத் திருப்பத்தில் முழங்கையின் உட்பக்கம் பிளந்து திறக்கப் பார்க்கிறது. திறக்கவிடாமல் பிடித்துக்கொள்வது மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் கட்டிவைத்திருக்கும் ஒரு சின்ன ஜவ்வு.

அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தில் க்ளென் ஃப்ளைசிக் குழுவினர் அந்தத் திருகுவிசையை அளந்து 1995-ல் வெளியிட்டார்கள். சுமார் 64 நியூட்டன் மீட்டர். உள்ளங்கையில் இருபது கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு, முழங்கையை அது மடங்காத திசையில் வளைப்பது போல. இறந்தவர்களின் கையிலிருந்து எடுத்த ஜவ்வைச் சோதித்தபோது அது சுமார் 32 நியூட்டன் மீட்டரிலேயே அறுந்தது. மீதியைச் சுற்றியிருக்கும் தசைகள் தாங்குகின்றன. தசை களைத்தால் சுமை ஜவ்வுக்குப் போகிறது. கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளருக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லாததற்குக் காரணம், முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக்கூடாது என்ற விதி. அவர்களுக்குச் சுமை இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஏறுகிறது.

ஜவ்வு கிழிந்தால் உடம்பின் வேறிடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து எலும்பில் துளையிட்டுக் கட்டுகிறார்கள். 1974-ல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப் இதை முதலில் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்ததால் சிகிச்சைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. குணமாகித் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். ஒரு காலத்தில் முப்பது வயதுக்காரர்களுக்குச் செய்த இதை இப்போது பள்ளி மாணவர்களுக்குச் செய்கிறார்கள். ஃப்ளைசிக் குழு 9 முதல் 14 வயதுக்குட்பட்ட 481 பையன்களைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்தது. ஒரு வருஷத்தில் நூறு இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு.

எனக்கு இதில் ஆற்றாமையே உண்டு. 1970-களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேனி லிட்வைலர், போலீஸார் வாகன வேகத்தை அளக்கும் ரேடார் கன்னைப் பந்துக்கும் பயன்படுத்தலாம் என்று யோசித்தார். நல்ல யோசனை. ஆனால் வாங்குகிறவர்கள் எதை அளக்கிறார்களோ அதைத்தான் பையன்கள் வளர்ப்பார்கள். மேஜர் லீகில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008-ல் மணிக்கு சுமார் 147 கிலோமீட்டர், 2024-ல் சுமார் 152. அந்த ஆண்டு டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே வெளியிட்ட அறிக்கை, காயங்கள் பெருகியதற்கு வேகத்தைத் துரத்துவதையும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தில் வீசுவதையும் முக்கியக் காரணங்களாகச் சொன்னது. பள்ளிப் பருவத்திலேயே இது தொடங்கிவிடுகிறது என்றும் சொன்னது. ஒரு நாளில் எத்தனை பந்து என்பதற்கு 2014-லிருந்து வயதுவாரியாகப் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு உண்டு, 17, 18 வயதுக்கு 105. எவ்வளவு வேகமாக என்பதற்கு வரம்பு இல்லை. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் வேகத்தை அளப்பதையே ஸ்கவுட்டுகள் நிறுத்தினால் என்ன?

ஜவ்வை நேரடியாகவே பார்த்துவிடலாமே என்று தோன்றும். 2014-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அதைத்தான் செய்தது. புது வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் அந்த வருஷத் தேர்வில் முதல் ஆளாக எடுத்த இடதுகை பிட்சர் பிரேடி எய்கனுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஜவ்வு வழக்கத்தைவிடச் சிறியதாக இருக்கிறது என்று சொல்லி, ஒப்புக்கொண்ட 65 லட்சம் டாலரைக் குறைக்கப் பார்த்தார்கள். பையனுக்கு வலி இல்லை, வேகமும் குறையவில்லை. அவர் தரப்பு மறுத்துவிட்டது, ஒப்பந்தம் நடக்கவில்லை. மறுவருஷம் மார்ச்சில் ஜவ்வு அறுவைசிகிச்சை. அது முடிந்த மூன்றே மாதத்தில், எல்லாம் தெரிந்தே, க்ளீவ்லாந்து அணி அவரை முதல் சுற்றில் பதினேழாவது ஆளாக எடுத்தது. மேஜர் லீகில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை.