21ஆவது சாரனில் பிழைத்த கணக்கு

மருதமுனையில் கைத்தறிச் சாரன் விற்கும் கடைக்காரர் ஒருவரின் மகன், சாதாரண தரம் படிக்கிறவன், வாப்பாவுக்காகப் பில் கணக்குப் போடும் ஒரு செய்நிரல் எழுதினான். பாடசாலையில் படித்த பஸ்கால் மொழிதான். ஒரு சாரனின் விலையைக் கேட்கும், எத்தனை என்று கேட்கும், இரண்டையும் பெருக்கி மொத்தம் என்ற மாறியில் போட்டுத் திரையில் காட்டும். பத்துப் பன்னிரண்டு வரிகள். 1600 ரூபாய்ச் சாரன் 25 என்று கொடுத்தான். 40,000 வரவேண்டிய இடத்தில் -25536 வந்தது.

"என்ன மகன், சாமானையும் குடுத்துக் காசையும் நாமதான் குடுக்கணுமா?" என்றாராம் வாப்பா.

பையன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், "என்ட புரோகிராம் வேல செய்யுதில்ல, ஆராவது சொல்லுங்க" என்று போட்டான். ஒருவன் கணினியை நிறுத்திப் போடச் சொன்னான். இன்னொருவன் வைரஸ் என்றான். மூன்றாமவன் தன்னுடைய செய்நிரலையே அனுப்பி, இதை வைத்துக்கொள் என்றான். சாய்ந்தமருதில் கணினி படித்த காக்கா ஒருவர் மட்டும் அக்கறையாக அதே வரிகளைத் தன் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தார். 40,000 என்று சரியாக வந்தது. "உன்ட மெஷின்லதான் கோளாறு" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கண்ட விடை அதுதான். ஏன் அப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என்னிடம் வந்தபோது நான் கேட்டது ஒரே கேள்வி: "எத்தின சாரன் வரைக்கும் சரியா வருது?"

அவன் அதைப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்து பார்த்தோம். 10 சாரன், 16,000. சரி. 20 சாரன், 32,000. அதுவும் சரி. 21 சாரன், 33,600 வரவேண்டும், வந்தது -31936. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "வேல செய்யுதில்ல" என்று இருந்த விஷயம், 20க்கும் 21க்கும் நடுவே என்னவோ நடக்கிறது என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

நடந்தது இதுதான். மொத்தம் என்ற மாறியை அவன் இன்டீஜர் என்று அறிவித்திருந்தான். ஃபிரீ பஸ்கால் தொகுப்பியை அதன் வழமையான அமைப்பில் ஓட்டினால், இன்டீஜருக்கு அது ஒதுக்குவது 16 பிட் இடம். ஒவ்வொரு பிட்டிலும் 0 அல்லது 1. அப்படி 16 இருந்தால் மொத்தம் 65,536 விதமாக அடுக்கலாம். அவற்றில் பாதி மறை எண்களுக்குப் போய்விடும். ஆகவே அந்தப் பெட்டியில் -32768 முதல் 32767 வரைதான் கொள்ளும். 32,000 கொள்ளும், 33,600 கொள்ளாது.

கொள்ளாவிட்டால் நின்று பிழை சொல்லக்கூடாதா? சொல்லாது. பழைய மோட்டார் சைக்கிளின் மீற்றர் 99999 வந்ததும் மறுபடி 00000க்குச் சுற்றுமே, அதேபோலச் சுற்றிக்கொள்ளும். வித்தியாசம், இங்கே 32767க்கு அடுத்தது பூச்சியம் அல்ல, -32768. மனக்கணக்காகவே பார்க்கலாம்: 40,000இலிருந்து 65,536ஐக் கழியுங்கள், அவன் திரையில் கண்ட அதே -25536 வரும்.

இது வெறும் ஊகம் இல்லை என்று அவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது. மொத்தத்தில் போடாமல், விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கி நேரே திரையில் அச்சிடச் சொன்னேன். 40,000 வந்தது! பெருக்கலை ஃபிரீ பஸ்கால் அகலமான இடத்தில்தான் செய்கிறது. சின்னப் பெட்டிக்குள் திணிக்கும்போதுதான் கெட்டுப்போகிறது. காக்காவின் மடிக்கணினிப் புதிரும் இதோடு அவிழ்ந்தது. அவர் பாவித்தது லாசரஸ். அது ஃபிரீ பஸ்காலை வேறு அமைப்பில் ஓட்டும், அங்கே இன்டீஜர் என்றால் 32 பிட். ஒரே சொல், இரண்டு அளவுப் பெட்டி.

திருத்தம் ஒரு சொல். மொத்தத்தை லோங்இன்ட் என்று அறிவித்தால் 2,147,483,647 வரை கொள்ளும். 214 கோடி ரூபாய்க்குச் சாரன் வாங்க ஒருவர் வரும்வரை கவலையில்லை. கூடவே, எல்லைச் சோதனையைத் திறந்துவைக்கும் கட்டளையையும் முதல் வரியில் போடச் சொன்னேன். அது இருந்தால், எண் பெட்டியை மீறும்போது செய்நிரல் சும்மா சுற்றாமல் 201 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும்.

ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்றால், பையனுக்கு மறை எண் வந்தது அதிர்ஷ்டம். பார்த்தவுடன் பிழை தெரிந்தது. 41 சாரன் என்று கொடுத்துப் பார்த்தோம். 65,600 வரவேண்டும். அதில் 65,536 கழிந்து, திரையில் 64 என்று நின்றது. மறைக் குறி இல்லை, எச்சரிக்கை இல்லை. பெருநாள் நெரிசலில் 41 சாரனுக்கு 64 ரூபாய் பில் போயிருக்கும்.

பெரியவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். 1996 ஜூன் 4இல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் நாற்பது வினாடிக்குள் வெடித்துச் சிதறியது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புள்ள ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் பெட்டிக்குள் மாற்றப்போய், அது கொள்ளவில்லை. வேகம் குறைந்த ஏரியன் 4இல் ஒழுங்காக ஓடிய செய்நிரலை அப்படியே எடுத்துப் பாவித்திருந்தார்கள். அவர்களுடைய 20 சாரன் அது.

குழுவில் போடும் கேள்விக்கு வருகிறேன். "வேல செய்யுதில்ல" என்றால் உதவ நினைப்பவர் ஊகிக்கத்தான் முடியும், வைரஸ் என்பார். வரிகளைப் படம் பிடிக்காமல் எழுத்தாகவே அனுப்புங்கள், எந்தத் தொகுப்பி என்று சொல்லுங்கள், என்ன கொடுத்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று எழுதுங்கள். சரியாக வந்த கடைசி எண்ணையும் பிழைத்த முதல் எண்ணையும் தேடிப் பிடித்து, அவற்றையும் சேர்த்துப் போடுங்கள்.