பயணியின் உயிரும் பணியாளரின் மானமும்



பேருந்திலோ இரயிலிலோ விமானத்திலோ ஏறி அமரும் நாம், அதனை இயக்குபவரின் முகத்தைக்கூடப் பெரும்பாலும் காண்பதில்லை. நம் உயிரையும் நம் பிள்ளைகளின் உயிரையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணயர்ந்து விடுகிறோம். இது ஓர் அமானிதம். அதனைப் பெற்றுக்கொண்டவர் போதையில் இருந்தால் என்னவாகும்? அவர் போதையில் இல்லை என்பதை உறுதி செய்வது யார்? உறுதி செய்யப் போய், குற்றமற்ற ஒருவர்மீது பழி விழுந்துவிட்டால் அதற்குப் பொறுப்பு யார்? இக்கேள்விகளுக்கு விடைகாண அமெரிக்க அரசு வகுத்துள்ள விதிமுறைகளை நாம் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

துயரத்தில் பிறந்த சட்டம்

1987 ஜனவரி 4 அன்று மேரிலாண்ட் மாநிலத்தின் சேஸ் என்னுமிடத்தில், ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுச் சென்ற மூன்று சரக்கு இரயில் எஞ்சின்கள், நிற்கவேண்டிய சைகையைத் தாண்டி, விரைவு இரயில் வரும் பாதையில் போய் நின்றன. மணிக்கு நூறு மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில் அவற்றின்மீது மோதியது. 16 பேர் மாண்டனர். எஞ்சின்களில் பணியிலிருந்த இருவரும் கஞ்சா புகைத்திருந்தமை பின்னர்ச் சோதனையில் வெளிப்பட்டது.

1991 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க் நகரின் யூனியன் சதுக்கம் அருகே சுரங்க இரயில் ஒன்று தடம்புரண்டு 5 பேர் உயிரிழந்தனர். அதன் ஓட்டுநர் குடித்திருந்தார். அடுத்த இரண்டு மாதங்களில், அக்டோபர் 28 அன்று, போக்குவரத்துப் பணியாளர் சோதனைச் சட்டத்தில் அதிபர் மூத்த புஷ் கையொப்பமிட்டார்.

விமானிகள், இரயில் ஓட்டுநர்கள், பேருந்து மற்றும் லாரி ஓட்டுநர்கள், விமானம் பழுதுபார்ப்போர், எண்ணெய்க் குழாய்வழிப் பணியாளர்கள் எனச் சுமார் 65 இலட்சம் பேர் இவ்விதிகளுக்கு உட்பட்டவர்கள். பணியில் சேருமுன்னும், விபத்துக்குப் பின்னும், தக்க சந்தேகம் எழும்போதும் சோதனை உண்டு. குலுக்கல்போல் பெயர் தேர்ந்து திடீரென அழைப்பதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் விதி எழுதுவதும், ஐயம் கேட்போர்க்கு விளக்கம் தருவதும் போக்குவரத்துத் துறையில் இதற்கென்றே இயங்கும் ஓர் அலுவலகத்தின் பணியாகும்.

எதிர்ப்புக் குரல்

எந்தச் சந்தேகமும் இல்லாத ஒருவரை அழைத்து, அவருடைய சிறுநீரைக் கேட்டு வாங்குவது முறையா? இரயில்வே தொழிற்சங்கத்தினர் எழுப்பிய இவ்வழக்கு, சட்டம் வருமுன்னரே உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1989இல் ஏழு நீதிபதிகள் பயணிகளின் பாதுகாப்பே பெரிதென்று கூறிச் சோதனையை அனுமதித்தனர். இருவர் மாறுபட்டனர். அவர்களுள் ஒருவர், கறுப்பின மக்களின் உரிமைக்காக வழக்காடிப் புகழ்பெற்ற தர்குட் மார்ஷல். அவசரம் என்று அனைவரும் எண்ணும் காலத்தில்தான் உரிமைகள் பறிபோகும் ஆபத்து மிகுதி என்பது அவர் விடுத்த எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கையை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு இவ்விதிகளைப் படித்துப் பாருங்கள். அவற்றின் பெரும்பகுதி, குற்றவாளியைப் பிடிப்பதைப் பற்றியதன்று. குற்றமற்றவர் சிக்கிவிடாதபடி காப்பதைப் பற்றியதாகும்.

பணியாளர் தரும் சிறுநீர் அவர் கண்ணெதிரிலேயே இரண்டு சீசாக்களில் ஊற்றப்பட்டு முத்திரையிடப்படுகிறது. முத்திரையின்மேல் அவரே தம் சுருக்கொப்பத்தை இடுகிறார். ஆய்வுக்கூடத்திற்கு அவருடைய பெயர் செல்வதில்லை. எண் மட்டுமே செல்கிறது. போதைப்பொருள் உண்டெனத் தெரிந்தாலும் முடிவு நேரே முதலாளியிடம் போய்விடுவதில்லை. இதற்கெனத் தகுதிபெற்ற மருத்துவர் ஒருவர் முதலில் பணியாளரிடம் பேசவேண்டும். முறையாக எழுதித் தரப்பட்ட மருந்தினால் அந்த முடிவு வந்ததென்று உறுதியானால், போதைப்பொருள் இல்லை என்றே முதலாளிக்கு அறிவிப்பார். பணியாளர் ஒப்பவில்லையெனில், 72 மணி நேரத்திற்குள் கேட்டு, இரண்டாவது சீசாவை வேறோர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கச் செய்யலாம்.

நம் சமையலறையிலுள்ள கசகசாவும் இங்கே சாட்சிக்கு வருகிறது! அது அபினிச் செடியின் விதை. கசகசா தூவிய ரொட்டியைத் தின்றவரின் சிறுநீரிலும் மார்ஃபின் சிறிதளவு தென்படக்கூடும். ஆதலால் அபினி வகைக்கான வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் என்பதிலிருந்து 2000 என 1998இல் உயர்த்தப்பட்டது. ரொட்டி தின்றவரின் வேலை பறிபோகலாகாது என்பதே அதன் நோக்கம்.

மதுச் சோதனையிலும் இத்தகைய கவனம் உண்டு. முதலில் ஊதும்போது கருவி மது உண்டென்று காட்டினால், குறைந்தது 15 நிமிடம் காத்திருந்து மறுமுறை சோதிக்க வேண்டும். வாய் கொப்பளிக்கும் மருந்தின் சாராயம் வாயில் தங்கியிருந்தால் அது அதற்குள் அகன்றுவிடும்.

அளவுகோலும் அதன் குறையும்

நூறு மில்லி இரத்தத்தில் 40 மில்லிகிராம் என்பதற்கு ஈடான மது இருந்தால் அது விதிமீறலாகும். அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் சொந்தக் கார் ஓட்டுபவருக்கு 80 மில்லிகிராம் வரம்பு. ஒரு துளி மதுவும் விலக்கப்பட்டது என நம்பும் நமக்கு இக்கணக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இவ்விதி ஒருவரின் ஒழுக்கத்தை எடைபோட வந்ததன்று. வண்டியை இயக்கும் வேளையில் அவருடைய நிதானத்தை அளக்க வந்தது.

கஞ்சா விஷயத்தில் அந்த அளவுகோல் தடுமாறுகிறது. புகைத்துப் பல நாட்கள் சென்ற பின்னும் அதன் எச்சம் சிறுநீரில் தெரியும். அவர் முன்பு புகைத்தார் என்பதைச் சோதனை சொல்லும். இன்று நிதானமாக இருக்கிறாரா என்பதைச் சொல்லாது. 2012இல் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களிலும் பின்னர் வேறு பல மாநிலங்களிலும் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஆயினும் மாநிலச் சட்டம் ஒரு சாக்காகாது எனப் போக்குவரத்துத் துறை அறிவித்தது. விடுமுறையில் தம் ஊரில் சட்டப்படி புகைத்த லாரி ஓட்டுநரும் வண்டியை விட்டு இறங்கியே ஆகவேண்டும். 2020 முதல் லாரி, பேருந்து ஓட்டுநர்களின் விதிமீறல்கள் தேசியப் பதிவேடு ஒன்றில் ஏறுகின்றன. ஆகவே ஒரு நிறுவனத்தில் பிடிபட்டு, மறுவாரம் மற்றொன்றில் சேர்ந்துவிடுவதும் எளிதன்று.

பயணிகளின் பக்கம் நின்று பார்த்தால் இக்கடுமை தேவை எனத் தோன்றும். அந்த ஓட்டுநரின் குடும்பத்தார் பக்கம் நின்றால், நிதானத்தை நேரே அளக்கும் வழி வேண்டும் என்று தோன்றும். இரண்டும் நியாயமே. அறிவியல் இதற்கு வழி காணும்வரை, ஐயம் வந்த இடத்தில் விதி பயணியின் பக்கமே சாய்கிறது.

ஆனால் கதவு அறவே அடைக்கப்படவில்லை. தவறியவர் தகுதிபெற்ற ஆலோசகரிடம் சென்று, அவர் கூறும் சிகிச்சையையோ பயிற்சியையோ முடித்து, மீண்டும் சோதனையில் தேறினால் பணிக்குத் திரும்பும் தகுதி பெறுகிறார். முதல் 12 மாதங்களில் குறைந்தது 6 முறை முன்னறிவிப்பின்றிச் சோதிக்கப்படுவார். இக்கண்காணிப்பு ஐந்தாண்டு வரை நீளலாம். மீண்டும் வேலை தருவதும் தராததும் முதலாளியின் விருப்பம். எனினும் தவ்பாவின் வாசலை அடைக்காத நமக்கு, திருந்தியவனுக்கு ஒரு வழி வைத்த விதியின் அருமை விளங்கும்.

நம்மிடையே பள்ளி வேன் ஓட்டுபவரை அமர்த்துவோர் உண்டு. வாகனங்கள் வைத்துத் தொழில் நடத்துவோரும் உண்டு. ஓட்டுநரின் நிதானத்தைக் கேட்டறிவது உங்கள் கடமை. அதே வேளையில், வதந்தியை நம்பி ஒருவரை வேலையைவிட்டு நீக்குவது அநீதி. பலரறிய அவமதியாமல், முறையாகச் சோதித்து, அவர் சொல்வதையும் கேட்டு, அதன்பின் முடிவெடுங்கள். பயணியின் உயிர் அமானிதம் எனில், பணியாளரின் மானமும் அமானிதமே. சிந்திப்போமாக!