நடைக்கு ஒரு துணை

மார்கழி பிறந்துவிட்டால் தருமபுரிப் பக்கம் குளிர் சற்றுக் கடுமைதான். கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேல் உயர்ந்த மேட்டு நிலம் அல்லவா? அந்தக் குளிரிலும், ஆங்கிலப் புத்தாண்டு பிறந்த முதல் வாரத்தில் பள்ளி மைதானங்களையும் ஏரிக்கரைச் சாலைகளையும் போய்ப் பாருங்கள். கழுத்தில் மப்ளரும் காலில் புது ஷூவுமாக நடப்பவர் கூட்டம் தெரியும். தை முடிந்து மாசி வரும்போது கூட்டம் மெலிந்துவிடும். குளிரோ குறைந்துவிட்டது, பின் ஏன் நின்றார்கள்? அதைவிடச் சுவையான கேள்வி ஒன்று உண்டு. எஞ்சியவர்கள் ஏன் நிற்கவில்லை? அவர்களில் பலர் இருவர் மூவராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே நடப்பதைக் காணலாம். விடைக்கான முதல் தடயம் அதுதான்.

இது பொழுதுபோக்குக் கேள்வி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100க்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு நோய், அதாவது சர்க்கரை நோய், இருக்கிறது. உங்கள் வகுப்பில் 40 மாணவர்கள் என்றால் பெற்றோர் 80 பேர். சராசரிக் கணக்குப்படி அவர்களில் 11 பேருக்கு அந்நோய் இருக்கலாம். அந்த 11 பேரிடமும் டாக்டர் மாத்திரைச் சீட்டைக் கொடுத்துவிட்டு, “தினமும் நடக்க வேண்டும்” என்று சொல்லியிருப்பார். மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போகிறது. நடைதான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போகிறது.

‘நாங்கள் கிராமத்தார், எங்களுக்கு உழைப்பே உடற்பயிற்சி’ என்று சொல்பவர் உண்டு. ஒரு காலத்தில் அது சரியாக இருந்திருக்கும். தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. நகரத்தாரில் 65 சதவீதத்தினரும் கிராமத்தாரில் சரிபாதியினரும் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். கவலை ஏற்றம் போய் பம்புசெட் வந்தது. கால்நடையாகப் போன சந்தைக்கு இப்போது மோட்டார் சைக்கிள் போகிறது. இவற்றைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. ஆனால் அவற்றோடு சேர்ந்து நம் நடையும் போயிற்று.

நடக்கும்போது உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நம் இரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை, தசைச் செல்லுக்குள் நுழைய வாயில் திறக்க வேண்டும். சாதாரணமாக அந்த வாயிலைத் திறக்கும் சாவி இன்சுலின். நீரிழிவுக்காரர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சாவி சரியாக வேலை செய்வதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பாராமலே செல்லின் உட்புறத்திலிருந்து சில புரத மூலக்கூறுகள் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரைக்கு வழிவிடுகின்றன. கொல்லைப்புறக் கதவு ஒன்று திறப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடையிலும் கெண்டைக்காலிலும் இருப்பவை உடலின் பெரிய தசைகள். ஆகவே நடப்பது பெரிய கொல்லைக் கதவுகளையே திறந்துவிடுகிறது.

இவ்வளவு நன்மை இருந்தும் மனம் ஏன் மக்கர் செய்கிறது? நடையின் நன்மை மெதுவாக வருகிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. இன்று நடந்ததற்கு இன்று மாலையே உடல் ரசீது தருவதில்லை. சிரமமோ உடனே வந்துவிடுகிறது: விடியலில் போர்வையை உதறுவது, மூட்டு வலி, பனி. இன்றைய சிறு துன்பத்தை நாளைய பெரிய நன்மையைவிடப் பெரிதாக எடைபோடுவது மனித மூளையின் இயல்பு. படிப்பைத் தேர்வுக்கு முதல் நாள் வரை ஒத்திப்போடுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

தேவை இருக்கும் இடத்தில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. பென்னாகரம் தொகுதியிலுள்ள கோட்டூர் என்னும் மலைக் கிராமத்துக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகள் சுமந்து சென்றன. அலுவலர்கள் உடன் நடந்தார்கள். அத்தகைய ஊரில் ‘தினமும் நடங்கள்’ என்று எவரும் உபதேசம் செய்யத் தேவையில்லை. நடந்தால்தான் உப்பும் புளியும் வீடு வந்து சேரும். வாழ்க்கை அப்படிக் கட்டாயப்படுத்தாத இடத்தில் அந்தக் கட்டாயத்தின் வேலையை வேறு ஒன்று செய்தாக வேண்டும். அந்த வேறு ஒன்று பிற மனிதர்களாக இருக்கலாம் என்பதற்குச் சென்னையிலேயே நல்ல சான்று இருக்கிறது.

சென்னை திருமங்கலத்தில் ஏசியாட் காலனி என்ற நடுத்தர வருவாயினர் குடியிருப்பு உள்ளது. 1996இல் தொடங்கிய ஓர் ஆய்வில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் அங்குள்ளவர்களைச் சோதித்தார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர் 14.2 சதவீதமே. முடிவைச் சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போய்விடவில்லை. மக்களைக் கூட்டி நோயைப் பற்றி விளக்கினார்கள். குடியிருப்பு மக்களோ அதற்கு மேலே ஒரு படி போனார்கள். தாங்களே பணம் திரட்டித் தங்கள் இடத்திலேயே ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். 2004இல் திரும்பப் பார்த்தபோது உடற்பயிற்சி செய்பவர் 58.7 சதவீதமாகியிருந்தனர். அதே ஆய்வில் சேர்ந்திருந்த, வருவாய் குறைந்த இன்னொரு பகுதியில் பத்தாண்டுகளில் நீரிழிவு 6.5லிருந்து 15.3 சதவீதமாக, இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகியது. ஏசியாட் காலனியிலோ 12.4லிருந்து 15.4க்குத்தான் உயர்ந்தது. எல்லாப் பெருமையும் பூங்காவுக்கே என்று சொல்லிவிட முடியாது. வருவாய், உணவு எனப் பல வேறுபாடுகள் உண்டு. ஆனாலும் கைக்காசைப் போட்டுக் கட்டிய பூங்காவுக்கு ஒருவர் வராமல் இருந்தால், ‘ஏன் சார் நேற்று வரவில்லை?’ என்று கேட்கப் பத்துப் பேர் இருப்பார்கள் அல்லவா? அந்தக் கேள்வியின் வலிமையைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

அருகில் ஆள் இருந்தால் நம் உழைப்பு மாறுகிறது என்பதை முதலில் பரிசோதித்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான நார்மன் டிரிப்லெட். சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் பிறருடன் ஓட்டும்போது விரைவாக ஓட்டுவதை அவர் கவனித்தார். பிறகு 40 சிறுவர் சிறுமியரிடம் தூண்டில் நூல் சுற்றும் உருளையைக் கொடுத்து, தனியாகவும் இன்னொருவர் பக்கத்திலும் சுற்றச் சொன்னார். 1898இல் முடிவை வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர் துணை இருந்தபோது வேகமாகச் சுற்றினர். கால் பங்கினருக்கு மாற்றம் இல்லை. மீதிக் கால் பங்கினர் பதற்றத்தில் முன்னிலும் மெதுவாகிவிட்டனர்! துணை எல்லாருக்கும் ஒரே விதமாக உதவுவதில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான முடிவைக் கண்டவர் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண்மைப் பொறியியலார். பலர் சேர்ந்து கயிறு இழுத்தால் ஒவ்வொருவரும் எவ்வளவு விசை கொடுக்கிறார்கள் என்று அளந்து, 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் இழுக்கும்போது ஒருவரின் பங்கு, அவர் தனியாக இழுப்பதில் ஏறத்தாழப் பாதிதான். எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்க முடியாமை ஒரு காரணம். ‘நான் சற்றுத் தளர்த்தினால் யாருக்குத் தெரியப்போகிறது?’ என்ற எண்ணம் மற்றொரு காரணம். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இந்த இரகசியம் தெரிந்திருக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போட்டவர் ஓட்டோ கோலர் என்னும் ஜெர்மானியர். 1920களில் பெர்லின் படகோட்டிகள் சங்கத்தாரிடம் எடை தூக்கும் சோதனை நடத்தினார். இருவர் சேர்ந்து பிடித்த எடையில், ஒருவர் கைவிட்டால் மற்றவராலும் தொடர முடியாது. அப்போது இருவரில் வலிமை குறைந்தவர், தனியாகச் செய்ததைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடித்தார். தம்மால் மற்றவர் கெடக்கூடாது என்ற எண்ணமே காரணம். இருவரின் வலிமையும் சமமாக இருந்தாலும் இந்தப் பலன் குறைவு. மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருந்தாலும் குறைவு. உங்களைவிடச் சற்றே விரைவாக நடப்பவரே உங்களுக்கு ஏற்ற துணை என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

கூட்டம் பெரிதா சிறிதா என்பது அவ்வளவு முக்கியம் இல்லை. ஒருவர் வராததும் தளர்வதும் மற்றவருக்குத் தெரிகிறதா என்பதே முக்கியம். இந்தக் கருத்தை நடையிலேயே வைத்துச் சோதித்த அழகான ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்து 2017இல் வெளியாயிற்று. பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் தலைமுறை தலைமுறையாக இதய நோயைப் பற்றி ஆராய்ந்து வருகிறார்கள். அதில் பங்குகொண்ட குடும்பங்களிலிருந்து 94 குடும்பங்களைச் சேர்ந்த 200 பேரைச் சேர்த்தார்கள். எல்லாருக்கும் காலடி எண்ணும் கருவியோ கைபேசியோ உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு உண்டு. நேற்று எத்தனை அடி நடந்தீர்கள் என்ற செய்தியும் நாள்தோறும் வரும். பாதிக் குடும்பங்களுக்கு அவ்வளவுதான். மறுபாதிக் குடும்பங்கள் மட்டும் ஒரு விளையாட்டு ஆடின.

விளையாட்டு இதுதான். வாரத் தொடக்கத்தில் குடும்பத்துக்கு 70 புள்ளிகள் முன்பணம் போலக் கொடுக்கப்படும். நாள்தோறும் குலுக்கல் முறையில் குடும்பத்தில் ஒருவர் பெயர் எடுக்கப்படும். முந்திய நாள் அவர் தம் இலக்கை எட்டியிருந்தால் புள்ளிகள் அப்படியே இருக்கும். இல்லையேல் குடும்பம் முழுவதற்கும் 10 புள்ளிகள் போய்விடும். புள்ளிகளுக்குக் காசு கிடையாது. ஆனால் யார் பெயர் வரும் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே எவரும் ‘இன்று ஒரு நாள் போகட்டும்’ என்று இருந்துவிட முடியாது.

12 வாரங்களில் விளையாடிய குடும்பத்தினர் 100 நாளுக்கு 53 நாள் இலக்கை எட்டினர். மற்றவர் 32 நாள்தான். முன்னைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 1,661 அடிகள் கூடுதலாக நடந்தனர். மற்றவர் கூடுதலாக நடந்தது 636 அடிகள். எண்ணைக் காட்டும் கருவி இரு தரப்பிலும் ஒன்றே என்பதை மறந்துவிடாதீர்கள். விளையாட்டு நின்ற பிறகும் இந்த வேறுபாடு முற்றிலும் மறையவில்லை, குறையத்தான் செய்தது.

இதே ஆராய்ச்சியாளர்கள் 2019இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில் உடற்பருமன் மிகுந்த 602 பேர் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினருக்கு உறவினரோ நண்பரோ ஒருவர் வாரந்தோறும் அறிக்கை பெற்று ஊக்கம் கொடுத்தார். இன்னொரு பிரிவினர் மூவர் குழுவாக ஒத்துழைத்தனர். மூன்றாம் பிரிவினர் மூவராகப் போட்டியிட்டனர். 24 வாரம் மூன்று பிரிவினரும், வெறும் கருவி மட்டும் வைத்திருந்தவர்களைவிட அதிகம் நடந்தனர். ஏற்பாடுகள் நின்ற பிறகோ போட்டியிட்டவர்கள் மட்டுமே தெளிவாக முன்னணியில் இருந்தார்கள். ‘சபாஷ்’ போடுபவர் எழுந்து போய்விட்டால் நடையும் தளர்ந்துவிடுகிறது போலும். ஆகவே ஊக்கம் கொடுப்பவர் ஒரு வாரம் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடலாகாது.

எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? இலண்டனில் 96 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள் போதும்; சிலருக்கு 254 நாள் தேவை என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. இங்கே நம் மாநில அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைக் குறிப்பிட வேண்டும். 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய இத்திட்டத்தில் தருமபுரி உட்பட 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மாதத்தின் முதல் ஞாயிறன்று கூட்டு நடைக்கு ஏற்பாடு. நல்ல முயற்சிதான். ஆனால் மாதம் ஒரு முறை நடப்பது திருவிழா. பழக்கம் ஆக வேண்டுமானால் மற்ற நாள்களுக்கு வீட்டிலோ தெருவிலோ துணை வேண்டும்.

8 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 10,000 அடிகள். அந்தப் பத்தாயிரத்துக்கும் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. அது எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற காலடி எண்ணும் கருவியின் பெயர் ‘பத்தாயிரம் அடி அளவி’. எண் அதிலிருந்து உலகெங்கும் பரவிவிட்டது. அதற்குக் குறைவாக நடந்தாலும் பயன் உண்டு. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. உங்கள் வயதினருக்கோ நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம்! 2016இல் உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதத்தினர் அதை எட்டவில்லை. ஆகவே அப்பாவுக்கு அறிவுரை சொல்லுமுன் நம் கணக்கையும் பார்த்துக்கொள்வது நலம்.

பிரேமிங்ஹாம் விளையாட்டை நம் வீட்டில் ஆட ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு டப்பாவும் போதும். முதல் வாரம் இலக்கு எதுவும் வேண்டாம். வீட்டில் ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் நடக்கிறார்கள் என்று குறித்து வாருங்கள். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அவரவர் இலக்கை அவரவரே சொல்லட்டும். பாட்டிக்கு 10 நிமிடம், அம்மாவுக்கு 30 நிமிடம் என்று இருக்கலாம். நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். வேகம் சரியா என்று அறிய எளிய வழி, நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. விடியலுக்கு முன் லாரிகள் விரையும் சாலை ஓரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இருட்டில் தனியே போகத் தயங்கும் அம்மாவுக்கு உங்கள் துணை ஊக்கம் மட்டும் அன்று, பாதுகாப்பும் கூட. கேலிக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். பதற்றத்தில் மெதுவாகிப்போன அந்தக் கால் பங்குச் சிறுவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ச் சீட்டுகளை மடித்து டப்பாவில் போடுங்கள். தினமும் இராச் சாப்பாட்டுக்கு முன் வீட்டின் கடைக்குட்டி ஒரு சீட்டை எடுக்கட்டும். பெயர் வந்தவர் அன்று நடந்திருந்தால் நோட்டில் ஒரு கோடு. இல்லாவிட்டால் 10 புள்ளி கழித்தல். எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட வேண்டும். ஒரே ஆள் பெயர் அடுத்தடுத்த நாளும் வரக்கூடும், அதுதான் விளையாட்டின் சூட்சுமம். ஞாயிறு இரவு மீதி எத்தனை என்று எழுதி வையுங்கள். திங்கட்கிழமை மறுபடியும் 70 புள்ளிகள்.