பாறை ஓவியத்துக்கு ஒரு புல எண்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில் உள்ள கீழ்வாலையில், பறவை முகம் கொண்ட மனிதர்கள், குதிரை, படகு ஆகியவை செங்காவி நிறத்தில் பாறையில் தீட்டப்பட்டுள்ளன. செஞ்சிப் பகுதியில் உள்ள செத்தவரையிலும் பாறை ஓவியங்கள் உண்டு. கீழ்வாலைக் குறியீடுகளைச் சிந்துவெளி எழுத்தோடு ஒப்பிட்டு விவாதிப்போர் பலர். அந்த ஆர்வத்தில் ஒரு பங்காவது பாறையின் எல்லையை அளப்பதில் காட்டப்பட்டிருக்கலாம்.

இதே மாவட்டத்து மண்டகப்பட்டுக் குடைவரை, தன்னை எழுப்பிய மகேந்திரவர்மனைத் தன் கல்வெட்டாலேயே அறிவித்துவிடுகிறது. பாறை ஓவியத்துக்கு அந்த வசதி இல்லை. செங்காவி என்பது இரும்பு ஆக்சைடு. அதில் கரிமம் இல்லாததால் கதிரியக்கக் கரிமக் கணிப்பால் நேரடியாக வயது சொல்ல இயலாது. அருகிலுள்ள ஈமச்சின்னங்கள், பானை ஓடுகள், உருவங்களின் பாணி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டப்பட்ட அடுக்குகள் ஆகியவற்றைக் கொண்டே காலத்தை ஊகிக்க வேண்டும். எனவே ஓவியத்தை மட்டும் படம் பிடித்தால் போதாது. சுற்றுப்புறம் முழுவதும் பதிவாக வேண்டும்.

புவியிடக் குறிப்பு, பாறை நோக்கும் திசை, உருவங்களின் அளவு, நிற அளவுகோலுடன் கூடிய ஒளிப்படம் ஆகியன முறையான ஆவணத்தின் அடிப்படை. மங்கிய உருவம் தெளிவாகத் தெரியப் பாறையில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் முன்பு இருந்தது. அது உப்புப் படிவை உண்டாக்கி ஓவியத்தையே கெடுக்கும். இன்று ‘டிஸ்ட்ரெட்ச்’ போன்ற மென்பொருள், கல்லைத் தொடாமலேயே ஒளிப்படத்தில் மறைந்த நிறங்களை வெளிக்கொணர்கிறது.

பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் நான் காணும் குறை வேறு. திண்டிவனத்தைச் சுற்றி ஜல்லி உடைக்கும் ஆலைகளின் புழுதியைக் காணாமல் எவரும் பயணம் செய்ய முடியாது. கல்குவாரிக் குத்தகை புல எண்ணைக் கொண்டு வழங்கப்படுகிறது. ஆய்வாளரோ குன்றின் பெயரை எழுதுகிறார். இரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. குவாரி உரிமத்தொகை அரசின் வரவுக் கணக்கில் ஏறுகிறது. ஓவியத்தின் இழப்புக்கு எந்தக் கணக்கிலும் பத்தி இல்லை. பீம்பேட்கா 1957இல் வாகங்கரின் கண்ணில் பட்டது. 2003இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நம் குன்றுகளுக்கு அத்தனை ஆண்டு அவகாசம் கிடைக்குமென்று நான் நம்பவில்லை.

1966ஆம் ஆண்டின் மாநிலத் தொல்லியல் சட்டம், ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அறிவிப்பு வரும்வரை காத்திராமல், ஓவியமுள்ள ஒவ்வொரு பாறையின் புல எண்ணையும் தொல்லியல் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து குறித்து, கிராமக் கணக்கில் ஏற்றலாம். அடுத்த குத்தகை ஏலப் பட்டியல் தயாராகும்போது, கனிமவளத் துறை அலுவலரின் மேசையில் அந்தப் பட்டியலும் இருக்க வேண்டும்.